பார்க்காத கிளைமாக்ஸ்

போன சனிக்கிழமை மலாக்கா உம்பாயில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கடலோரச் சுட்ட மீன் கடை, மீனை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரை. கையில் பிளாஸ்டிக் கூடையோடு வரிசையில் நின்று, ஐஸ் மேல் கிடந்த திருக்கை நல்லதா, கணவாய் நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணே… ஞாயித்துக்கெழம பேப்பர்ல எழுதுறவரு நீங்கதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். இந்தப் பத்தியின் தலையில் இருக்கும் என் படம் பத்து வருஷம் பழசு. அதில் எனக்கு முடி இருக்கிறது. அதையும் மீறி ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்றால் சும்மாவா? வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மல்லிகா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றதில் கைவைக்கவில்லை. பத்து பெரண்டாம் ஊர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலையாம். கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன பேப்பர் துண்டு ஒன்றை எடுத்தார். அட… என் பத்தி! போன டிசம்பரில் எழுதியது. அந்த வருஷம் எனக்குப் பிடித்த படங்கள், விளையாட்டுத் தருணங்கள் என்று வருஷா வருஷம் போடுவேனே, அந்தப் பட்டியல்.

ஆட்டோகிராப்தான் கேட்கப் போகிறார் என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். பேனா இல்லை. பெரிய எழுத்தாளன்!

மல்லிகா பட்டியலில் இரண்டாவது படத்தின் மேல் விரலை வைத்தார். "இந்தக் கடைசி சீன் எங்கண்ணே?"

எங்கே என்றால்?

நான் எழுதியது இதுதான். பல வருஷம் பேசாமலிருந்த அப்பா, கடைசிக் காட்சியில் மகளுக்குப் போன் போடுகிறார். என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறார். ‘இந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட் எடுக்கலாம்’ என்று அடித்து எழுதியிருந்தேன். மல்லிகா டிக்கெட் எடுத்துவிட்டார். ஒன்று தனக்கு, ஒன்று கணவருக்கு.

"படம் முடிஞ்சி லைட்டு போட்டுட்டாங்க. பேரெல்லாம் ஓடி முடிஞ்சிருச்சி. கூட்டுற பொண்ணு தொடப்பத்தோட வந்து நிக்கிது. நான் மட்டும் எந்திரிக்கல. என்னம்மா இன்னும் பாக்கின்னு இவரு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்ல? அந்த அப்பாவும் மகளும் கடைசி வரைக்கும் பேசவே இல்லண்ணே."

என் காது சூடாகிவிட்டது. ஏனென்றால்… அந்தக் காட்சியை நானும் பார்க்கவில்லை.

ஆமாம். உங்களிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படம் இரண்டே முக்கால் மணி நேரம். நான் சர்க்கரைக்காரன். இரண்டும் ஒத்துப்போகாது. கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாய்லெட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தால் கூட்டம் எதிரே வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வசந்தாவிடம் முடிவைக் கேட்கலாம்தான். அவள் இடைவேளைக்குப் பிறகு கண் விழிக்கவே இல்லை. சென்னையில் படிக்கும் என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். அவன் அந்தக் காட்சியைச் சொல்லும்போதே தேம்பினான். கேட்ட நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்த மாதிரியே எழுதிவிட்டேன்.

அப்புறம் ஜனவரியில்தான் தெரிந்தது, இங்கே வந்த பிரதியில் அந்தக் காட்சியே கிடையாதென்று. யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள், தெரியாது. அதே படம், அதே போஸ்டர், சென்னையில் ஒரு முடிவு, மலாக்காவில் ஒரு முடிவு! ஒரு வரி திருத்தம் போட்டிருக்கலாம். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மல்லிகாவுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. ஒரு வருஷமாகக் கைப்பையில் வைத்திருந்திருக்கிறார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. மீன் வரிசையிலேயே நின்று நடந்ததை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. பேப்பரை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "அப்ப நீங்களும் பாக்கலையா" என்றார். அவ்வளவுதான்.

அவர் எதற்காக அந்தக் காட்சியைத் தேடினார் என்று பிறகுதான் சொன்னார். கடை டிவிக்கு நேர் எதிர் மேசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நரைத்த மீசைக்காரரைக் காட்டினார். கணவர் சிவலிங்கம். லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் ரேவதி, ஜொகூரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, சிவலிங்கம் வீடு வீடாகப் போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பாதிக்கு மேல் கொடுத்து முடித்த பிறகு மகள் சொன்னாளாம், இந்தக் கல்யாணம் வேண்டாம்பா என்று.

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட அதே வீடுகளுக்கு மனுஷன் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். கல்யாணம் இல்லை, வர வேண்டாம் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தாராம். அன்றோடு மகளிடம் பேச்சு நின்றுவிட்டது. படத்தில் வரும் அப்பாவைப் பார்த்தாலாவது மனசு இளகாதா என்றுதான் மல்லிகா அவரைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் பார்க்காமல் எழுதிய ஒரு காட்சியை நம்பி ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. எப்படி இருக்கும் எனக்கு?

மேசைக்கு வந்து வசந்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடையில் என்ன மீன் போட்டேன் என்றே தெரியவில்லை. அன்று காலையில்தான் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டிருந்தார். டிசம்பர் வந்துருச்சு சார், பட்டியல் எப்போது என்று. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வசந்தாவிடம் பேனா வாங்கி, இந்த வருஷம் உண்மையிலேயே கண்ணால் பார்த்தது எது என்று பார்த்து, மற்றதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

ஹீரோ எண்பது பேரைப் புரட்டி எடுத்த படம். நாற்பதாவது ஆள் விழும்போது தூங்கிவிட்டேன். அடி. பேய்ப் படம். பேய் வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். அடி. ஒரு சின்னப் படம் மிஞ்சியது. திங்கட்கிழமை மதியக் காட்சி, எங்களோடு சேர்த்து ஆறே பேர். நாயகி நாலு நிமிஷம் பேசாமல் சட்னி அரைக்கும் இடத்தில், முன் வரிசையில் தனியாக வந்திருந்த ஒரு சீன அம்மா விசும்பி விசும்பி அழுதார். தமிழ்ப் படத்துக்கு அவர் ஏன் வந்தார்? சட்னிக்கு ஏன் அழுதார்? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அரிக்கிறது.

விளையாட்டு? புக்கிட் காத்தில் ஊர்த் திடலில் எங்கள் குடியிருப்புத் தாமான் பையன்களின் எழுவர் கால்பந்து. கோல்கீப்பர் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். பாய்ந்து பெனால்டியைப் பிடித்தவர், எழுந்ததும் முதல் வேலையாகப் பாக்கெட்டில் பஸ் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இதைப் பார்த்தேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

பேட்மிண்டன்? நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த மேட்ச் ஒன்று. மூன்றாவது செட்டில் நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பார்க்கத் தைரியம் இல்லை. வசந்தா வந்துதான் முடிவைச் சொன்னாள். பட்டியலில் அதை முதலிடத்தில் எழுதி வைத்திருந்தேன்!

இது என்ன பழக்கம்? ஒரு நிமிஷத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிறோம். அந்த நிமிஷம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஏன்?

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடை அமைதியாகிவிட்டது. டிவியில் பேட்மிண்டன், நம்முடைய மலேசிய ஜோடி. மூன்றாவது செட், பதினாறுக்குப் பதினாறு. மீன் சுடுகிற பாக்சிக், அந்த மலாய்ப் பெரியவர், விசிறியைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார். மலாய்க்காரர், சீனர், நாம், எல்லோர் கழுத்தும் ஒரே பக்கம்.

சிவலிங்கம் மட்டும் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு, தகரக் கூரையைத் தாண்டி வெளியே போய், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றுவிட்டார்.

பக்கத்து மேசையில்தான் மல்லிகா. கோபமா என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அவருக்கு ராசி இல்லையாம். அவர் பார்த்தால் நாம் தோற்றுவிடுவோமாம்.

நம் ஊரில் எந்த வீட்டில் இப்படி ஓர் ஆள் இல்லை, சொல்லுங்கள்? ஸ்கோர் இழுபறியானால் ஒருவரை வெளியே துரத்துவோம். சிவலிங்கம் துரத்தும்வரை காத்திருப்பதில்லை. தானாகவே போய் வாசல் கேட்டருகே நின்றுகொள்வார். ரேவதி சின்னப் பிள்ளையிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டாக அப்பாவுக்குக் கத்திச் சொல்வாளாம். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் மேட்ச் பார்த்தது மகள், கேட்டது அப்பா.

"இப்ப யார் சொல்றா?"

"யாரும் இல்லண்ணே. முடிஞ்ச பொறவு உள்ள வந்து மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்குவாரு." குரலைத் தாழ்த்தினார். "ரேவதி எனக்குப் போன் போடுவா. மேட்ச் நடக்கும்போதுதான் போடுவா. நான் அந்தாண்ட போயி பேசுவேன். அவருக்குத் தெரியாது."

"என்ன பேசுவாங்க?"

"என்னத்த… ஸ்கோர்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. எனக்கு இந்தப் பேட்மிண்டன்ல ஒரு மண்ணும் தெரியாது."

இந்தத் தடவை கேட்காமல் விடக்கூடாது என்று தோன்றியது. சட்னி அம்மாவின் ஞாபகமோ என்னவோ.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, ரெண்டு வருஷமா அவ யாருக்கும்மா ஸ்கோர் சொல்றா?"

மல்லிகா என்னைப் பார்த்தார். வெளியே நின்ற முதுகைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

கைப்பைக்குள் போன் அடித்தது.

வழக்கமாக என்றால் கைகழுவும் தொட்டிப் பக்கம் போயிருப்பார். அன்று நேரே வெளியே நடந்தார். நானும் எழுந்து பின்னாலேயே போனேன். நாகரிகம் இல்லாத காரியம்தான். வசந்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போனேன்.

மல்லிகா ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கணவரின் கைப்பக்கம் நீட்டினார்.

"ம்மா, நைன்டீன் ஆல்மா." பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

சிவலிங்கத்துக்குக் குரல் தெரிந்துவிட்டது. ஓர் அடி நகர்ந்தார். மல்லிகாவும் ஓர் அடி நகர்ந்தார், நீட்டிய கையை எடுக்காமல்.

"ம்மா? லைன்ல இருக்கியா? நைன்டீன் ஆல்லா." பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்டதோ, அலையா, காற்றா, தெரியாது. குரல் சின்னதாகிவிட்டது. "அப்பா வெளியதான் நிக்கிறாரா?"

சிவலிங்கம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடி நகர்ந்துவிடுவார் என்றுதான் நான் பயந்தேன்.

"சர்வீஸ் யாரு?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் வார்த்தை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவங்கதாம்ப்பா. இருங்க… இப்பதான் போடப் போறான்."

எங்களுக்குப் பின்னால் கடையே கத்தியது. மேசை தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். பாயிண்ட் யாருக்கு என்பதில் சந்தேகமே வேண்டாம். ஜொகூரில் ரேவதி பார்த்துக்கொண்டிருந்த ஒளிபரப்பு சில நொடி பின்னால் ஓடுகிறது போல. அவளுக்கு இன்னும் தெரியாது. சிவலிங்கத்துக்குத் தெரியும். ஆனால் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை மனுஷன். தலையைச் சாய்த்து, போனுக்கு மேல் காதை வைத்து, மகள் சொல்லட்டும் என்று நின்றார்.

"நமக்குப்பா! ட்வென்டி நைன்டீன்!"

"ம்," என்றார், இப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல. போனை மல்லிகாவின் கையிலிருந்து தான் வாங்கிக்கொண்டார். "அடுத்தது சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளை, உம்பாய் கடற்கரையில், கையில் சம்பல் வாசத்தோடு நின்று அழுதேன். மல்லிகா என்னைப் பார்த்துச் சிரித்தார். உங்க சீன் கிடைச்சிருச்சி பாருங்கண்ணே என்றார். ‘சாப்பிட்டியா’ மட்டும்தான் பாக்கி, அதையும் கேட்டுவிடுவார் என்றார்.

ஆசிரியருக்கு இந்த வருஷப் பட்டியலை அனுப்பிவிட்டேன். ஒரு சட்னி, ஒரு பஸ் சாவி, ஒரு போன். மூன்றே மூன்றுதான். குறைகிறதே சார் என்றார். குறையட்டும்.

மேட்ச் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஆளாளுக்குச் சொன்னார்கள், ஆனால் நான் பார்க்கவில்லை… ஆகவே எழுதவில்லை.