ஸ்ட்ரிப் பச்சையானால்

பக்கத்து வீட்டுச் சுவரில் எவர்சில்வர் டம்ளர் மோதியது. இத்தனை வருடம் கழித்தும் என் கைகள் தாமாக முகத்தை மூடிக்கொண்டன.

பத்து வயதில் லூபஸ் என்ற நோய் என் சிறுநீரகத்தைப் பிடித்தது. முதலியார்பேட்டை வீட்டில் காலைதோறும் அப்பா என் சிறுநீரில் சோதனை ஸ்ட்ரிப்பை நனைப்பார். அது பச்சையானால் புரதம் வெளியேறுகிறது, நோய் ஓயவில்லை என்று அர்த்தம். அப்பாவுக்கோ அது, நானும் அம்மாவும் அவருக்குத் தெரியாமல் உப்புப் பத்தியத்தை மீறிய திருட்டு.

"யாருடி இவளுக்கு ஊறுகா குடுத்தது?"

அம்மா மேல் டம்ளர் பறக்கும். என் கன்னத்தில் அறை விழும்.

"ஊறுகாயால இல்லீங்க, நோயாலதான்" என்று டாக்டர் சொல்லியும் அடி நிற்கவில்லை.

பிறகு மாதக்கணக்கில் ஸ்ட்ரிப் மஞ்சளாகவே இருந்தது.

"நோய் அடங்கிடுச்சு" என்று டாக்டர் சிரித்தார். கண் கலங்கிய அப்பா, என் தலையைத் தடவக் கையைத் தூக்கினார்.

நான் டாக்டரின் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன்.