நான் நிலத்துக்காரராக இருந்த ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் சங்கக் கொட்டகையில் விவசாயக் கூலிகளுக்கு உரிமை வகுப்பு நடந்தது. மானாம்பதிப் பக்கத்து நடவுப் பெண்கள் சார்பில் என்னை அனுப்பினார்கள். வாய் நீளம் என்பதுதான் என் தகுதி. அதில் எனக்கு இன்றுவரை வெட்கம் கிடையாது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. காலையில் கழனியில் இறங்கினால் உச்சி வெயில்வரை நிலத்துக்காரர் கரையேற விடமாட்டார். கைக்குழந்தைகள் புளியமரத்துத் தூளியில் கத்தும். தாய்மார்கள் அதைக் கேட்டுக்கொண்டே குனிந்து நடுவார்கள். என் தம்பி மனைவியும் பால் கட்டிய வலியோடுதான் நடுவாள். இடையில் ஒரு தரம் பால் கொடுத்துவிட்டு வர விடவேண்டும், அதற்காகக் கூலியில் பிடிக்கக்கூடாது. அவ்வளவுதான்.

வகுப்பு எடுத்தவர் மெட்ராசில் ஆலைத் தொழிலாளி. பேச்சுவார்த்தை எப்படி நடத்துவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையே நடித்துப் பார்க்கச் சொன்னார். நிலத்துக்காரர் வேஷம் போட யாருக்கும் மனம் வரவில்லை. நான் ஒருவரிடம் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆள்தானே, தானாக வந்தது.

முதலில் பேச வந்தவர் வாயைத் திறப்பதற்குள், "இன்னாடா, கூரைக்கு வைக்கோல் வோணும்னு போன வாரம் வந்து நின்னியே?" என்றேன். அடங்கிவிட்டார். அடுத்தவரிடம் குரலைத் தாழ்த்தி, "இவனுங்கள வுடு. நீ மட்டும் இப்டி வா" என்றேன். மனிதர் நிஜமாகவே கூட்டத்தை விட்டு என் பக்கம் வந்துவிட்டார்! எல்லோரும் சிரித்து ஓய நேரமாயிற்று.

வகுப்பெடுத்தவர் சிரிக்கவில்லை. "நீதான் நிலத்துக்காரர். இப்ப உனக்கு இன்னா பயம்?" என்று கேட்டார்.

"நாத்து பறிச்சாச்சு. ஆளு எறங்கலன்னா வாடிப் பூடும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நடவு வந்தது. பறித்துக் கட்டிய நாற்று முடிகள் கழனியில் கிடக்க, நாங்கள் இறங்காமல் வரப்பில் வரிசையாக நின்றோம். சைக்கிளில் வந்த நிலத்துக்காரரிடம் கோரிக்கையைச் சொன்னோம். கத்தினார், வேறு ஆள் கூட்டி வருவேன் என்றார். பக்கத்து ஊர்ப் பெண்களிடம் முன்பே பேசி வைத்திருந்தோம், யாரும் வரமாட்டார்கள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாமே, நீ மட்டும் இப்டி வா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வார்த்தை பிசகாமல் நான் பேசிய வசனம்!

"இங்கியே சொல்லுங்க ஐயா, எல்லாரும் கேக்கட்டும்."

"உன் தம்பி பொண்டாட்டி மட்டும் போய்ப் பால் குடுத்துட்டு வரட்டும். மத்தவங்க எறங்குங்க."

இதை நான் நடித்துப் பார்த்திருக்கவில்லை. மரத்தடியில் குழந்தை வீறிட்டது. அவள் ரவிக்கை நனைந்திருந்தது. சரி என்று சொன்னால் எங்கள் வீட்டுக் கஷ்டம் அன்றோடு தீர்ந்தது. நான் அவரை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

அதிர்ந்து பேசாத அவள், நின்ற இடத்தை விட்டு நகராமல் சொன்னாள்: "மூணு கொயந்த அயுவுது ஐயா. மூணு பேரும் போவோம். இல்லாட்டி நானும் போவல."

அவர் வெயிலைப் பார்த்தார். நாற்றைப் பார்த்தார். "போய்த் தொலைங்க. கூலில புடிக்க மாட்டேன்" என்றார். மூன்று பேரும் மரத்தடிக்கு ஓடினார்கள். நாங்கள் கழனியில் இறங்கினோம்.

அடுத்த வகுப்புக்கு அவளையும் கூட்டிப்போனேன். துண்டைத் தோளில் போட்டு மறுபடி என்னையே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே அவள் நின்றாள். தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துத் தோற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.