ஆணி அடிக்காத மருதமரம்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நான் தோட்டக்காரன். முதலாளி பின்பக்கத்துத் தோட்டத்தைப் புதிதாக மாற்றப்போகிறார் என்று போன வருஷம் மரங்களையெல்லாம் அளந்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் நம்பர் தகட்டை ஆணி வைத்து அடித்தது நான்தான். மருதமரத்தில் மட்டும் அடிக்கவில்லை. அதில் எங்கள் குலசாமி மாடசாமி இருக்கிறார். என் மகளுக்கு முதல் மொட்டை போட்டது அதன் அடியில்தான். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் அருவிச் சத்தமே கேட்கவில்லை.

மரம் அளந்தபோது கூட நின்ற தென்காசிப் பெண், தோட்டத்துக்குப் படம் போட்டு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். மரங்களெல்லாம் பச்சை வட்டங்களாகத் தெரிந்தன. மருதமரம் நிற்கிற இடத்தில் கார் நிறுத்த இடம் போட்டிருந்தது.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? அம்மாம் பெரிய மரம் நிக்கது தெரியலயா?" என்று முதலாளி, வேலையாட்கள் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. அளவுப் பட்டியலைத் திறந்தாள்.

"தாத்தா, அளவு இங்கன இருக்கு. நம்பர்தான் இல்ல. நம்பர் இல்லாத மரத்த கம்ப்யூட்டர் உள்ள எடுக்கல. தகடு ஏன் அடிக்கல?"

"சாமி மேல எவன்ட்டி ஆணி அடிப்பான்?"

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? கயித்துல கட்டியிருப்பேனே."

அவள் சொன்னது சரிதான்; ஆணி அடிக்காததை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மரத்துக்கு நம்பர் போட்டு, பட்டியலை மறுபடி ஏற்றினாள். பெரிய வட்டம் ஒன்று வந்தது. வெட்டக் கூடாது என்று அதற்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்து, கார் இடத்தை வேறு பக்கம் தள்ளினாள்.

கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அது என் மேல்தான். அத்தனை பேர் முன்னால் திட்டிய எனக்கு, அவள் தனியாக நின்றபோதுகூட தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.