கல்லெடுக்காத கை

நான் வேலைக்குப் போகும் ஸ்ட்ரீட்கார் பாதையில் ஒரு சுவர் நிற்கிறது. சுவர் மட்டும்தான்; பின்னால் அறையுமில்லை, கூரையுமில்லை. பழைய கட்டடமாம், முகப்பை இடிக்கக் கூடாதாம். இரும்புக் கம்பங்களால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் புது மாடிக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டுகிறார்கள். அதற்கு வேலி, கமரா, காவலுக்கு ஓர் ஆள். ரொறன்ரோவுக்குக் கல்லில் இவ்வளவு பாசமா என்று முதலில் சிரித்தேன். இப்போது அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

போன கோடையில் தம்பியின் மகளுடைய கலியாணத்துக்குப் பாரிஸ் போனோம். வந்ததோடு ஓரிடம் பார்க்கலாமென்று தம்பி எங்களைத் தெற்கே காரில் கூட்டிப்போனான். ரோமர் காலத்து நாடக அரங்கு. அரைவட்டமாகக் கற்படிகள், கீழே மேடை, அதன் பின்னால் பாதி விழுந்த பெரிய மதில். டிக்கெட் எடுத்துப் போன சனம் படிகளில் காலை நீட்டிக்கொண்டு வெயில் காய்ந்தது. என் கணவர் ஸ்காபரோவில் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசிப்பவர். எந்த மேடையென்றாலும் செருப்போடு ஏறமாட்டார். அங்கேயும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். குனிந்து மேடைக் கல்லைத் தொட்டுக் கண்களில் ஒற்றினார். அவ்வளவுதான், காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான்.

"அத்தான், கையைத் திறக்கட்டாம். கல்லு எடுத்தனீங்களோ எண்டு கேக்கிறான்" என்றான் தம்பி.

இவர் வெறுங்கையை விரித்தார். அவன் மற்றக் கையையும் காட்டச் சொன்னான். பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு முன்னால் அதையும் விரித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உவனுக்குச் சொல்லடா! எங்கட வீட்டு ஓடு, கதவு, நிலை எல்லாம் கழட்டிக்கொண்டு போனவங்களை ஒருத்தனும் கையைத் திறக்கச் சொல்லேல்லை எண்டு சொல்லு!"

"விடுங்கோ அக்கா" என்ற தம்பி, காவலாளியைப் பார்த்து "பர்தோன், பர்தோன்" என்றான். கோதாரி, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் எவன்?

இவருடைய வீடு ஊரில், வலிகாமம் வடக்கில், இராணுவ முகாமுக்குள் கிடக்கிறது. வீடென்று பழக்கத்தில் சொல்கிறேன், மிச்சம் அத்திவாரம்தானாம். அதில் ஒருதரம் ஏறி நின்றால் போதும், பிறகு எங்கே செத்தாலும் பரவாயில்லை என்பார். ரோமனுடைய இடிபாட்டில் எவனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு படுக்கலாம். எங்களுடைய இடிபாட்டுக்கு டிக்கெட்டே விற்பதில்லை.

மார்கழியில் ஊருக்குப் போனோம். உள்ளே விடுகிறார்களென்று யாரோ சொன்ன கதையை நம்பி, முகாமின் தடை வரைக்கும் போய் நின்றோம். மீசை முளைக்காத ஓர் ஆமிக்காரன், "போக ஏலாது" என்று கொச்சைத் தமிழில் சொன்னான். இவர் செருப்பைக் கழற்றினார். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கமே குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றினார். என்னவென்று பார்க்க அவன் ஓரடி கிட்ட வந்தான்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. இவராகவே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, திரும்பவும் காட்டினார்.