பிளாக் செய்த எண்

போன இரண்டு வாரமும் இந்தப் பத்தியை வேறொருவர் எழுதினார். "எங்கே போனீங்க?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டிலில் மகள், பக்கத்து நாற்காலியில் நான்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். மது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்... நடுவில் இன்னொரு முறை எழுந்து போய்ப் பார்த்தாலும் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரு ரகசிய வார்த்தை உண்டு. கோட் வேர்ட்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மேல் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு அதிகாரி ஒருவருக்குப் போன் வந்தது. "உங்க மகன் போலீஸ் கஸ்டடியில் இருக்கிறார்" என்று கணீர் குரலில், அழகான ஆங்கிலத்தில் ஒருவன் பேசியிருக்கிறான். பாவம், மனிதர் மொத்தமாக ஏமாந்தார். அன்றிரவே என் கணவர் டைனிங் டேபிளில் சட்டம் போட்டார். யாராவது போன் செய்து நம்மில் ஒருவருக்கு ஆபத்து என்று சொன்னால், முதலில் கோட் வேர்ட் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் திருடன்.

எதை வைப்பது? மதுதான் யோசனை சொன்னாள். "மோர்க்குழம்புன்னு வைங்கப்பா. என் வாயிலேர்ந்து அது வரும்னு எவனும் கெஸ் பண்ண முடியாது." மோர்க்குழம்பு வைக்கும் நாளெல்லாம் அவள் பட்டினி கிடப்பவள். சிரித்தோம். தட்டைக் கழுவியதோடு அவர்கள் இருவரும் மறந்தும் போனார்கள்.

நான் மறக்கவில்லை. எனக்குப் பயப்படுவதற்கு ஒரு வழிமுறை கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டு வாரம் முன்பு ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன்.

"யம்மா... மதுவோட அம்மாவா? உன் பொண்ணு வண்டியோட வியுந்திருச்சும்மா. மந்தவெளியாண்ட. ஆஸ்பத்திரில சேத்துக்கீது. சீக்கிரம் வா."

பின்னால் ஒரே இரைச்சல். குரலில் அவசரம். இப்படித்தானே ஆரம்பிப்பார்கள்?

"நீங்க யாரு?"

"நான் மீன் விக்கறவம்மா. ரோட்ல கெடந்துச்சு, தூக்கியாந்தேன்."

"சரி. கோட் வேர்ட் சொல்லுங்க."

"இன்னாது?"

"எங்க வீட்டுல ஒரு வார்த்தை இருக்கு. என் பொண்ணு உங்ககூட இருந்தா அவளுக்குத் தெரியும். சொல்லுங்க, வர்றேன்."

"இன்னாம்மா நீ... பொண்ணு அடிபட்டுக் கெடக்குது, வார்த்த கேட்டுக்கினு கீற."

துண்டித்தேன். மதுவுக்கு அடித்தேன். ஸ்விட்ச்டு ஆஃப். வகுப்பில் இருக்கும்போது எப்போதும் அணைத்துத்தான் வைப்பாள். ஆக, வகுப்பில் இருக்கிறாள். எவ்வளவு தெளிவாக யோசித்தேன், பார்த்தீர்களா?

மறுபடி அதே எண். "அடுத்தவங்க குழந்தையை வச்சு இப்படிப் பிழைக்கிறீங்களே, வெட்கமா இல்லையா? போலீஸ்ல கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்தேன். உள்ளுக்குள் ஒரு பெருமை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: 'இன்று எனக்கும் வந்தது ஃப்ராடு கால். கோட் வேர்ட் கேட்டேன், திணறிவிட்டாள். பிளாக்.'

என் கணவர் ஆபீசிலிருந்து கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார். அந்தக் கட்டைவிரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அழிக்க இருவருக்கும் கை வரவில்லை.

பிறகு நான் அரிசி களைந்து குக்கர் வைத்தேன். துணி உலர்த்தினேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். வேறொரு எண். எடுத்தேன். அதே குரல்.

"யம்மா, வச்சிராத. ஆட்டோக்காரர் போன்லேர்ந்து பேசறேன். மோர்க்கொயம்பு. மோர்க்கொயம்பாம். கண்ணே தொறக்க மாட்டேங்குது, கேட்டுக் கேட்டு வாங்கினேன். இப்ப வரியா?"

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. ஆட்டோவில் எப்படி ஏறினேன், யார் வீட்டைப் பூட்டினார்கள்... எதுவும் தெரியவில்லை.

பின்னால் வந்த பைக் ஒன்று இடித்திருக்கிறது. ஸ்கூட்டரோடு விழுந்ததில் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது. அவள் போன் சக்கரத்தில் நசுங்கிப் போயிற்று. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என்னுடையது. எல்.கே.ஜி. படிக்கும்போது நான் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. அதைத்தான் அந்த அம்மாவிடம் முனகியிருக்கிறாள்.

மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். "உடனே ஆபரேஷன். உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்." கையெழுத்துப் போட்டேன். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முடித்திருக்கலாம். இப்போது தினமும் அந்த வாக்கியத்தை நானே வெவ்வேறு விதமாக முடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். புடவை முன்பக்கம் முழுக்க ரத்தம். மது அவர் கையைப் பிடித்திருந்தாள். நான் வந்ததும் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்தக் கையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தியேட்டர் கதவு மூடிய பிறகு திரும்பினால், ஆள் இல்லை.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலும் வாழலாமாம். ஆனால் இனி சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அலட்சியம் கூடாது என்றார்கள். என்னிடமா சொல்கிறீர்கள்? தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று மது கேட்டாள். "ஏம்மா, அந்த ஆன்ட்டி கேட்டப்போ எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வராம போயிருந்தா?"

குற்றம் சாட்டவில்லை. சும்மாதான் கேட்டாள். "ஜூஸ் கொண்டு வரேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்று ஒன்றை யோசித்தேன். 'மேடம், ஹாஸ்பிடல்லேர்ந்து பேசறோம்' என்று மெருகான குரல் ஒன்று கூப்பிட்டிருந்தால் நான் கோட் வேர்ட் கேட்டிருப்பேனா? மேல் மாடிக்காரரை ஏமாற்றியவன் அப்படித்தான் பேசினான். ஆனால் என் சந்தேகம் 'கீது' என்று பேசியவர் மேல்தான் பாய்ந்தது. வார்த்தை கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. படித்தவர்கள் நாம் ஜாக்கிரதை என்று சொல்லிக்கொள்வதில் எத்தனை பங்கு இந்த மாதிரி அசிங்கமோ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவரைத் தேடிப் போனேன்.

மந்தைவெளி மார்க்கெட்டில், "அடிபட்ட பொண்ணைத் தூக்கிட்டுப் போனாங்களே, மீன் விக்கறவங்க" என்றதும், "ஸ்டெல்லாவா? அதோ" என்று கை காட்டினார்கள். கையில் பழமும் ஒரு புடவையும். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வெட்டிக்கொண்டிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். கண்ணில் தண்ணீர்.

"எப்பம்மா ஆச்சு? அன்னிக்கேவா?"

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"பொண்ணு..." என்று இழுத்தார். "தெனமும் சாயங்காலம் போன் போட்டேம்மா, எப்டி கீதுன்னு கேக்க. ஒரு ரிங்கு அடிச்சி கட்டாயிடும். நல்லா இருந்தா எடுக்காமலா இருப்பாங்கன்னு... பட்டினப்பாக்கத்துல எங்க மாதா கோயில்ல மெயுவத்தி ஏத்தினேன். செத்தவங்களுக்கு வைக்கிற பூசைல பேரும் குடுத்துட்டேன். மதுன்னு."

மார்க்கெட் சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. என் மகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நாளொன்றில், இறந்தவர்களின் பெயர்களோடு அவள் பெயரையும் ஒரு கோயிலில் வாசித்திருக்கிறார்கள்.

"உயிரோட இருக்கா. நல்லா இருக்கா" என்றேன். நம்பாமல் பார்த்தார். வீடியோ காலில் மதுவைக் கூப்பிட்டேன்.

ஸ்டெல்லா போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏ பொண்ணே. என் கைல நகத்த வச்சி எப்டிக் கீறிக்கீற பாரு" என்று மணிக்கட்டைக் காட்டினார்.

"சாரி ஆன்ட்டி" என்றாள் மது.

"சாரியாம். இப்ப ஃபாதராண்ட போயி இன்னா சொல்லுவேன்? குடுத்த பேர வாபஸ் குடுங்கன்னா சிரிக்க மாட்டாரு?"

பக்கத்துக் கடைக்காரம்மா, "போய் சொல்லு, உன்னையே லிஸ்ட்ல சேத்துக்குவாரு" என்றார். சிரித்தார்கள். மதுவும் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு நேற்றுதான் அவள் சிரிப்பதைப் பார்த்தேன். தையல் வலித்திருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"நான் அன்னிக்கு உங்களைக் கண்டபடி..." என்று ஆரம்பித்தேன்.

"அது வுடு. எவனெவனோ போன் போட்டு ஏமாத்தறான். எனக்கும் வருது" என்றார். "உன் பொண்ணு கைய வுடல. வுட்டாத்தானே நான் போறது?"

புடவையை வாங்கமாட்டேன் என்றார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். திரும்பி நடக்க ஆரம்பித்தவளை மறுபடி கூப்பிட்டார்.

"யம்மா, அது இன்னா, நான் போட்டா மட்டும் போவல? என் போன்ல ஏதாவது கோளாறா? பாத்துச் சொல்லேன்."

தன் போனை என்னிடம் நீட்டினார். பழைய போன். கண்ணாடியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. வாங்கிப் பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

திட்டியதைக்கூட மன்னித்துவிட்டார். ஆனால் இத்தனை நாளும், இந்த நிமிஷம் வரையிலும், அவர் எண்ணை நான் பிளாக்கிலேயே வைத்திருக்கிறேன் என்பதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"உங்க போன் நல்லா இருக்குங்க. என்னோடதுதான் ரிப்பேர்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார், நிம்மதியாக.

நன்றி சொல்லத்தான் போனேன். பொய் சொல்லிவிட்டு வந்தேன்.