என்னைவிட நன்றாகச் சுடுபவள்

கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே மாடு வளர்க்கிற ஒரு கிழவரின் நிலத்தில் கிரவுண்ட்ஹொக் சுட எனக்கு அனுமதி கிடைத்தது, ஒரு கோடைகாலம் முழுக்கப் பண்ணை பண்ணையாகக் கதவு தட்டிய பிறகுதான். கிரவுண்ட்ஹொக் என்றால் பூனையைவிடப் பெரிய, கொழுத்த, அணில் சாதிப் பிராணி. வயல் முழுக்க வளை தோண்டி வைக்கும். அந்த வளைக்குள் கால் விட்டு அவருடைய மாடு ஒன்று கால் முறிந்து கிடந்திருக்கிறது. அதனால்தான் மனிதர் இளகினார். எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் வேறு ஒருவருக்கும் இப்படி நிலம் கிடைக்கவில்லை. அந்தப் பெருமையோடு ஒரு வருஷம் தனியாகத் திரிந்தேன்.

பிறகு மனைவி வந்தாள்.

"சனிக்கிழமையில நான் வீட்டில தனிய இருந்து என்ன செய்யிறது? நானும் வாறன்" என்றாள். துவக்கு லைசென்ஸ் சோதனையில் முதல் தரமே பாஸ். எனக்கு இரண்டு தரம் எடுத்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வயலில் படுத்தால் எறும்பு கடிக்கும், முழங்கை நோகும். பொறுக்க மாட்டாமல் தூரத்திலேயே சுட்டுவிடுவேன். உள்ளதெல்லாம் வளைக்குள் ஓடி ஒளிந்துவிடும். அவள் வெட்டிய புல்லில் குப்புறப் படுத்தால் அரை மணித்தியாலம் அசைய மாட்டாள். கிரவுண்ட்ஹொக் தலையைத் தூக்கும். ஒரு சத்தம். அவ்வளவுதான், துடிக்கக்கூட நேரமிருக்காது. துடிக்க விடக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். நிச்சயமில்லை என்றால் சுடவே மாட்டாள்.

கிழவர் மெல்ல மெல்ல என் போனுக்கு எழுதுவதை விட்டு அவள் போனுக்கு எழுதத் தொடங்கினார். கொட்டிலுக்குப் பின்னால் புது வளை, நாளைக்கு வர முடியுமா என்று. அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் கேற்றடியில் என் முகத்துக்கு நேரே, "உங்கள் மனைவி கட்டாயம் வர வேண்டும். நீங்களும் வரலாம்" என்றார். நான் கதவு தட்டிப் பிடித்த நிலத்துக்கு எனக்கு 'நீங்களும் வரலாம்'. சுற்றி வளைப்பானேன், கட்டின பெண்சாதியில் எனக்குப் பொறாமை.

அடுத்த வெள்ளி பின்னேரம் அவள் கடைக்குப் போயிருந்தாள். பேஸ்மென்ற் அலுமாரியைத் திறந்து அவளுடைய துவக்கை எடுத்தேன். குறி பார்க்கிற ஸ்கோப்பின் பக்கத்தில் குறியை இடம் வலமாக நகர்த்துகிற சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு கிளிக் திருப்பிவிட்டு மூடியைப் பூட்டினேன். இரண்டு மூன்று தரம் தவறவிடட்டும், கிழவர் பார்க்கட்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

காலையில் அவள் வழக்கம்போலப் படுத்தாள், காத்திருந்தாள், சுட்டாள். அது விழவில்லை. கீச்சென்று கத்திக்கொண்டு, பின்காலை இழுத்து இழுத்து, வளைக்குள் போய்விட்டது.

அவள் துவக்கை வெறுமையாக்கி வைத்துவிட்டு ஓடினாள். வளை வாசலில் முழங்காலில் இருந்து கையால் மண்ணைத் தோண்டினாள். நான் காரில் இருந்து மண்வெட்டி எடுத்து வந்தேன். ஒரு மணித்தியாலம் மாறி மாறி வெட்டினோம். வளை இன்னும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"உள்ளுக்க உயிரோட கிடக்குது" என்றாள்.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயால், "வாரும், போவம்" என்றேன்.

துவக்கை என்னிடம் நீட்டினாள். "இனி எனக்கு வேண்டாம். என்ர கை நடுங்கிப்போச்சு."

அவள் கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அஜக்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், நகத்துக்குள் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்களெண்டால் அப்பிடித் துடிக்க விட்டிருக்க மாட்டியள். என்னைவிட உங்களுக்குத்தான் சுட வரும்."

இரண்டு வருஷமாக அவள் வாயால் கேட்க ஏங்கிய சொல். "ஓம்" என்றேன்.