எந்தப் பக்கத்து மெழுகுவர்த்தி

வாசகசாலைப் பலகையில் நான் ஒட்டும் காகிதத்தைச் சிரிப்பதற்காகவே படிப்பீர்கள். இன்று சிரிக்க ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை. சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, நானும் மனைவியும் பெரியவள் பத்மாவும் பரங்கிமலை மாதா கோயிலுக்குப் போனோம்.

சின்னவள் சரோஜாவுக்கு ஜுரம் கண்டபோது, அவள் பிழைத்தால் மலையேறி மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். சரோஜா ஐப்பசியில் போய்விட்டாள்.

"அப்புறம் இன்னாத்துக்குப் போறது?" என்று கேட்டேன்.

"வரேன்னு சொல்லிகீறேன்," என்றாள்.

பத்மா படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள். பாதியில் எண்ணிக்கை தவறிப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குக் கால் வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை.

கோயிலுக்குள் மெழுகுவர்த்தி மேடையைப் பார்த்துக்கொள்கிறவர் மனைவியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, வேண்டுதலா? அப்டின்னா இடது பக்கம் வை. வேண்டினது நடந்து நன்றி சொல்ல வந்தியானா வலது பக்கம்."

"நடக்கலீங்க. கொழந்த பூட்ச்சு. ஆனா வரேன்னு சொன்னது நான்தானே?"

"இப்போ ஏதாச்சும் வேண்டிக்கிறியா?"

"இல்லீங்க."

அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. மனைவி மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்துவிட்டு, பத்மாவுக்குப் பட்டாணி வாங்கப் படியிறங்கினாள்.

அந்த மெழுகுவர்த்தி இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. காகிதத்தின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.